கிளி தானாகக் கைக்கு வர: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கூண்டைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பேசுமா?" மதுரையில் அப்படிக் கேட்பது இயல்புதான். மீனாட்சியம்மன் கையிலேயே கிளி இருக்கிறது. கோயிலில் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிக் கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறது. முன்பு அங்கே கிளிகளை வைத்து "மீனாட்சி" என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். கிளி என்றாலே பேச்சு என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது, பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கூண்டுக் கதவைத் திறந்தால் அது உங்கள் பக்கம் வருகிறதா, பின்பக்கக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டால் முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

நான் வளர்ப்பது ஒரு காக்டெயில், தலையில் இறகுக் கொண்டை உள்ள சின்னக் கிளி வகை. பெயர் முத்து. வந்த புதிதில் கையை உள்ளே விட்டுப் பிடித்துத்தான் அதை வெளியே எடுப்பேன். "பிடிக்கப் பிடிக்கப் பழகிடும்மா" என்று விற்றவர் சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில், என் வளையல் சத்தம் கேட்டாலே முத்து கொண்டையை அமுக்கிக்கொண்டு பாம்பு போலச் சீறத் தொடங்கியது. பழகத்தான் செய்தது, என்னைக் கண்டு பயப்படப் பழகியது. அதை மாற்ற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் செய்ததும், பிறகு தெரிந்தவர்கள் வீட்டில் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

எந்தக் கிளி

கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள நம் பச்சைக்கிளியை, செந்தார்ப் பைங்கிளியை, வாங்கவே வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுக் கிளிகள் எதையும் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மரப்பொந்திலிருந்து கண் திறக்காத குஞ்சாக எடுத்து வருகிறார்கள். அதில் வழியிலேயே சாகிறவை எத்தனையோ. ஜோசியக்காரர் கூண்டில் பார்த்துப் பழகிவிட்டதால் இது நமக்குத் தப்பாகவே தெரிவதில்லை.

தொடக்கத்துக்கு நல்லது பட்ஜி, அதாவது நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிறோமே அது, இல்லாவிட்டால் காக்டெயில். இரண்டும் ஆஸ்திரேலியப் பறவைகள், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்து வருபவை. சன் கொனூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்கா போன்ற வெளிநாட்டுக் கிளிகள், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளன. அப்படிப்பட்டவற்றை வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்திருக்கிறது. அழகைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். சன் கொனூர் போடுகிற சத்தம் அடுத்த தெருவரைக்கும் கேட்கும்.

முதல் பத்து நாள்

கூண்டை ஆள் நடமாட்டம் உள்ள அறையில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி வையுங்கள். நான்கு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு ஒதுங்க இடமில்லை. சமையலறை கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் அதிகமாகக் காய்ந்து போனால் வரும் புகை நமக்குத் தெரியாது, ஆனால் பறவையை நிமிடக் கணக்கில் கொன்றுவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். இரவு 10 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். சீரியல் ஓடுகிற ஹாலில் பத்து மணி வரை விழித்திருக்கும் கிளி, மறுநாள் எரிச்சலோடுதான் இருக்கும்.

கூண்டோடு சேர்த்து ஒரு மண்பானையையும் கட்டிக் கொடுப்பார்கள். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லையென்றால் அதை எடுத்துவிடுங்கள். பானை இருந்தால் அது கூடு, கூடு இருந்தால் அதைக் காக்க வேண்டும். நேற்று வரை சாதுவாக இருந்த பறவை கையைக் கண்டதும் பாய்வதற்குப் பல வீடுகளில் அந்தப் பானைதான் காரணம்.

இந்தப் பத்து நாளில் பயிற்சி எதுவும் இல்லை. தீனி, தண்ணீர் மாற்றும்போது மட்டும் கை உள்ளே போகட்டும், அதுவும் மெதுவாக. மற்ற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், கீரை ஆயுங்கள், அதைப் பார்க்காமலே பேசுங்கள். நேராக உற்றுப் பார்ப்பது அதற்குப் பருந்து பார்ப்பது போல.

அது உடம்பால் சொல்வது

வாயால் பேசுவதற்கு முன்னாலேயே கிளி நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. காக்டெயிலுக்குக் கொண்டை இருப்பதால் படிப்பது சுலபம். கொண்டை பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதி. நட்டுக்க நின்றால் ஏதோ புதிதாகப் பார்த்திருக்கிறது, இன்னும் முடிவு செய்யவில்லை. தலையோடு ஒட்டி, கூடவே சீறலும் வந்தால், இதற்கு மேல் கிட்டே வராதே என்று பொருள். பட்ஜிக்குக் கொண்டை கிடையாது, இறகைப் பாருங்கள். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, ஒல்லியாகி, நெட்டையாக நின்றால் பயம். கொனூர் போன்ற பெரிய கிளிகளில் கண்மணி சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து நடக்கும்; வாலும் விசிறி போல விரிந்தால் அந்த நேரத்தில் கையை நீட்டாதீர்கள்.

ஒரு காலை மடக்கி இறகுக்குள் வைத்துக்கொள்வது, உடம்பை ஒரு தடவை உதறிக்கொள்வது, தூங்கப் போகும்முன் அலகை அலகோடு தேய்த்து மெல்ல 'கறகற' என்று சத்தம் எழுப்புவது எல்லாம் நல்ல அறிகுறிகள். அந்தக் கறகறப்பை முதல் தடவை கேட்டபோது எங்கள் அத்தை, பல்லி ஏதோ கூண்டுக்குள் போய்விட்டது என்று எழுந்து விளக்கைப் போட்டார்கள்.

கத்திரி வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அது சூடு தாங்காததால். அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள், கூண்டை நிழலுக்கு மாற்றுங்கள். பகலெல்லாம் இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தால் உடம்பு சரியில்லை. பறவை நோயை முடிந்தவரை மறைக்கும். நமக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் தாமதிக்கக் கூடாது. திடீரென்று குணம் மாறினாலும் முதலில் பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள், பயிற்சி அதற்கு அப்புறம்.

எதைக் கொடுத்தால் சந்தோஷம்

இனி முறைக்கு வருவோம். இதை நேர்மறை வலுவூட்டல் என்கிறார்கள். ஒன்றைச் செய்தவுடன் நல்லது கிடைத்தால் அதை மறுபடி செய்யத் தோன்றும், அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதை விளக்கமாக ஆராய்ந்தார். அவரோடு வேலை செய்த மரியன் பிரீலண்ட், கெல்லர் பிரீலண்ட் தம்பதி 1940-களில் இதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்து கோழி முதல் பல விலங்குகளைப் பழக்கினார்கள். டால்பின்களைப் பழக்குகிறவர்களுக்கும் இதுதான் வழி. நீந்திப் போய்விடுகிற ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துப் பழக்க முடியாது. பறந்து போய்விடுகிற ஒன்றும் அப்படித்தான்.

உங்கள் கிளிக்கு எது நல்லது என்பதை அதுதான் சொல்ல வேண்டும். காலையில் ஒரு தட்டில் தினைக் கதிர் ஒரு துண்டு, நாலு சூரியகாந்தி விதை, கொத்தமல்லித் தழை, கேரட் துருவல், ஒரு துண்டு பச்சை மிளகாய் வையுங்கள். (மிளகாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காரம் தருகிற கேப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதில்லை.) எதை முதலில் எடுக்கிறது என்று மூன்று நாள் பாருங்கள். அதை அன்றாடத் தீனிக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அது உங்கள் கையிலிருந்து மட்டுமே வரும். பட்ஜிகளுக்குப் பெரும்பாலும் தினைக் கதிர்தான். முத்துவுக்குச் சூரியகாந்தி விதை. அவகாடோ, சாக்லேட், வெங்காயம், காபி, டீ இவற்றைக் காட்டவே கூடாது, நஞ்சு.

பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். அப்படிச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பட்ஜியின் மொத்த எடையே 30, 40 கிராம். காக்டெயில் 90 கிராம் பக்கம் இருக்கும். அதில் ஐந்து கிராம் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காலைத் தீனி வைப்பதற்குச் சற்று முன்னால் பயிற்சியை வைத்துக்கொண்டால் போதும், வழக்கமான பசியே வேலை செய்யும். கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறையாவது எடை பார்த்து எழுதி வையுங்கள்.

ஐஸ் குச்சிப் பாடம்

இரண்டு பொருள் வேண்டும். ஒரு ஐஸ் குச்சி, ஒரு சத்தம். சத்தம் என்பது, "இப்போது செய்தாயே அதுதான், தீனி வருகிறது" என்று அந்த நொடியிலேயே அதற்குச் சொல்லும் அடையாளம். அமுக்குகிற பேனாவின் 'டக்' போதும். நான் சொல்வது "ரைட்". பஸ் கண்டக்டர் சொல்வது போலச் சின்னதாக, ஒரே மாதிரி சொல்ல வரும். முதல் நாள் வேறெதுவும் செய்ய வேண்டாம். "ரைட்" சொல்லுங்கள், ஒரு விதை கொடுங்கள். கையிலிருந்து வாங்கப் பயந்தால் கம்பி இடுக்கு வழியாகக் கிண்ணத்தில் போடுங்கள். பத்துத் தடவை போதும். சத்தம் கேட்டவுடன் உங்கள் கையைத் தேடிப் பார்க்கத் தொடங்கினால் பாடம் ஏறிவிட்டது.

அடுத்து, குச்சியின் நுனியைக் கம்பிக்கு வெளியே, கிளியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். அருகே கொண்டுபோய் முகத்தில் நீட்டாதீர்கள். முத்துவுக்கு முதலில் காட்டியபோது கொண்டை நட்டுக்கொண்டது, ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தது. நான் குச்சியை அசைக்காமல் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. "ரைட்", ஒரு விதை. விதையை அலகில் வாங்கி, கறுப்பான நாக்கால் உருட்டி நிமிர்த்தி, ஓரத்தைக் கடித்துப் பிளந்து, தோலை உதறிவிட்டு மறுபடி குச்சியைப் பார்த்தது. "ரைட்". அடுத்து கழுத்தை நீட்டியது. "ரைட்". ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, அலகு நுனியால் குச்சியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே பின்வாங்கியது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் நான் குச்சியை எடுத்ததுமே கம்பியருகே வந்து நின்றது. இந்தப் பறவைதான் என் வளையல் சத்தத்துக்குச் சீறிக்கொண்டிருந்தது.

கவனியுங்கள், முழுதாகத் தொட்டால்தான் தீனி என்று காத்திருக்கவில்லை. பார்த்ததற்கு, சாய்ந்ததற்கு, ஒரு அடி வைத்ததற்கு எல்லாம் கூலி. ஒரு படி நன்றாக வந்த பிறகே அடுத்ததைக் கேட்க வேண்டும். இரண்டு தடவை தொடர்ந்து தப்பினால் நீங்கள் கேட்டது அதிகம், ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு முறைக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. நாளுக்கு இரண்டு தடவை. அது இன்னும் கேட்கும்போதே முடித்துவிடுங்கள். "ரைட்" சொல்லிவிட்டால், தெரியாமல் வாய் தவறிச் சொல்லியிருந்தாலும் தீனி கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல் பொய்யாகிவிடும்.

குச்சியைத் தொடக் கற்ற கிளியைக் குச்சியாலேயே எங்கும் அழைத்துப் போகலாம்: கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கதவுக்கு வெளியே, தராசுத் தட்டின் மேலே.

கைமேல் ஏறுவது

கதவைத் திறப்பதற்கு முன் மின்விசிறி நின்றிருக்கிறதா என்று பாருங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், அடுப்பில் எதுவும் கொதிக்கக் கூடாது. இடது கையின் ஆட்காட்டி விரலைக் கிளி உட்கார்ந்திருக்கும் குச்சிக்கு நேராக, அசையாமல் வையுங்கள். வலது கையில் ஐஸ் குச்சி, விரலுக்கு அந்தப் பக்கம். குச்சியைத் தொட விரலைத் தாண்டிக் கழுத்தை நீட்டும், தீனி. ஒரு கால் விரல்மேல் வரும், தீனி. இரண்டு காலும் வரும் நாள் தானாக வரும்.

ஏறுவதற்கு முன் அலகால் உங்கள் விரலைப் பிடித்துப் பார்க்கும். அது கடியல்ல. கிளைமேல் கால் வைக்கும்முன் தாங்குமா என்று சோதிக்கிற வழக்கம் கிளிகளுக்கு உண்டு, அலகு அதற்கு மூன்றாவது கை. அந்த நேரத்தில் பயந்து விரலை இழுத்துவிட்டால், இந்தக் கிளை ஆடும் கிளை என்று முடிவு கட்டிவிடும். புதிதாக வளர்க்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வயிற்றில் விரலை வைத்து அமுக்கினால் உடனே ஏறும் என்று காட்டித் தருவார்கள். ஏறத்தான் செய்யும், வேறு வழியில்லாமல். நான் அதைச் செய்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் விரலை எடுத்துவிடுகிறேன், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பறவைக்குக் கடிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

தடவிக் கொடுப்பதென்றால் தலையும் கழுத்தும் மட்டும். முதுகையும் சிறகுக்கு அடியிலும் தடவுவது இணை சேரும் உணர்வைத் தூண்டும், பிறகு முரட்டுத்தனமும் சேர்ந்து வரும்.

கடித்துவிட்டால்

கடி கடைசிப் பேச்சு. அதற்கு முன் அது கொண்டையால், இறகால், சீறலால் சொல்லியிருக்கும், நாம் கேட்கவில்லை. மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கையை உதறிக் கீழே விழச்செய்வது எதுவும் வேண்டாம். அதனால் கிளி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: சீறிப் பயனில்லை, நேராகக் கடித்துவிட வேண்டும். கத்தாமல், அருகில் உள்ள குச்சியிலோ மேசையிலோ இறக்கிவிட்டு இரண்டு நிமிடம் வேறு வேலை பாருங்கள். அப்புறம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கடிக்கு முன் என்ன நடந்தது, எப்படிக் கடித்தது, கடித்ததும் என்ன நடந்தது. ஒரு வாரம் எழுதினால் காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். செல்லூரில் ஒரு வீட்டில் பையன் பள்ளி விட்டு வந்த கையோடு கொனூரை எடுப்பான், கடிக்கும். எழுதிப் பார்த்தபோது, அவன் ஒவ்வொரு தடவையும் அதைக் கூண்டில் போடத்தான் எடுத்திருக்கிறான் என்று தெரிந்தது. வெளியே இருப்பது முடியப் போகிறது என்பதற்கு அவன் கைதான் அடையாளம். கூண்டுக்குள் போனதும் தினைக் கதிர் கிடைக்கும் என்று மாற்றினார்கள், நடுவில் ஏறி இறங்கி விளையாடவும் விட்டார்கள். கடி நின்றது.

கத்தல்

விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் எல்லாக் கிளியும் கத்தும். தென்னை மரத்தில் அடையும் காட்டுக் கிளிகளைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை நிறுத்த முயல வேண்டாம். நீங்கள் அடுத்த அறைக்குப் போனதும் கூப்பிடுவது, கூட்டத்தில் ஒன்று காணாமல் போனால் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்பது போல. ஒரு சீட்டியடித்துப் பதில் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

மணிக்கணக்கில் கத்துவதுதான் பிரச்சினை, அதை நாமே சொல்லிக் கொடுத்திருப்போம். கத்தினால் "சும்மா இரு!" என்று ஆளாளுக்கு ஓடிவருவோம். அதற்கு அது திருவிழா. கத்தும்போது பார்க்காதீர்கள், பேசாதீர்கள். அதோடு விட்டால் போதாது. அமைதியாக இருக்கும் நொடியை, மெல்லச் சீட்டியடிக்கும் நொடியைப் பிடித்து உடனே போய்க் கொண்டாடுங்கள். முதல் சில நாள் கத்தல் கூடும். வழக்கமாகத் திறக்கிற கடை சாத்தியிருந்தால் கதவைப் பலமாகத் தட்டிப் பார்ப்போம் இல்லையா, அதுபோல. அந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் ஓடிப்போனால், இவ்வளவு கத்தினால்தான் வருவார்கள் என்று கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். எங்கள் அத்தையைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. "பாவம்மா, கூப்பிடுது" என்பார்கள். இப்போது அவர்கள்தான் முத்து சீட்டியடித்ததும் முதலில் எழுந்து போகிறவர்கள்.

வேலையில்லாத கிளியும் கத்தும். தென்னை ஓலைத் துண்டைச் சுருட்டி உள்ளே விதை வைத்துக் கட்டுங்கள், முருங்கைக் கீரையைக் கொத்தாகத் தொங்கவிடுங்கள். கிழித்துத் தேடித் தின்ன ஒரு மணி நேரம் ஆகும். சித்திரைத் திருவிழா வாணவேடிக்கை, தீபாவளி வெடி நாட்களில் சின்ன இரவு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். காக்டெயில்கள் இருட்டில் திடுக்கிட்டால் கூண்டுக்குள் அடித்துக்கொண்டு இறகை உடைத்துக்கொள்ளும்.

பேச்சு பற்றி

பட்ஜியிலும் காக்டெயிலிலும் ஆண்தான் பெரும்பாலும் பேச்சையும் சீட்டியையும் பிடிக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஐரின் பெப்பர்பெர்க் 1977-இல் வாங்கி வளர்த்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கன் கிரே, 2007-இல் இறக்கும்போது நூறு சொற்களுக்கு மேல் கற்றிருந்தது. அதன் முன்னால் இரண்டு பேர் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்டுச் சொல்வார்கள். சரியாகச் சொன்னவருக்கு அந்தப் பொருளே பரிசு. வீட்டிலும் இது நடக்கும். கொய்யா கொடுக்கும்போதெல்லாம் "கொய்யா" என்று மட்டும் சொல்லுங்கள், ஒலிநாடா போல ஓட்டிக்கொண்டே இருப்பதைவிட அது நல்லது.

தூக்கிப் போகும் பெட்டி

மருத்துவரிடம் போக வேண்டிய நாளில் பெட்டியைத் தேடாதீர்கள். இன்றைக்கே கூண்டுக்குப் பக்கத்தில், கதவைத் திறந்து வையுங்கள். பெட்டி பக்கம் பார்த்தால் "ரைட்", வாசலில் நின்றால் "ரைட்", உள்ளே போனால் தினைக் கதிர் முழுதாக. கதவை ஒரு நொடி சாத்தித் திறவுங்கள், பிறகு ஐந்து நொடி, பிறகு பெட்டியைத் தூக்கி ஹாலைச் சுற்றி ஒரு நடை. எங்களுக்கு இதற்கு மூன்று வாரம் ஆனது. போன மாதம் நகம் வெட்டப் போனபோது ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். சிம்மக்கல் நெரிசலில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கொண்டையைப் பாதி சாய்த்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, முத்து விதை உரித்துக்கொண்டிருந்தது.